கிணற்றடியும் பௌதிகவியற் பாடமும்

பௌதிகவியலை அன்றாட வாழ்வோடு இணைத்துச் செயல்வழி கற்பிக்க வேண்டுமென்பதை இன்று மறுப்பார் எவருமிலர். 2007ஆம் ஆண்டின் பாடத்திட்டச் சீர்திருத்தம் ஐந்து படிகளாலான செயற்பாட்டு முறையொன்றையே எமது பாடசாலைகளுக்கு விதித்தது. எனினும், வாழ்விலிருந்து எடுக்கப்படும் உதாரணம் பாடத்தின் தோற்றுவாயாக அமைகின்றதா, அன்றி முடிந்த பாடத்துக்குச் சூட்டப்படும் அணியாக நின்றுவிடுகின்றதா என்ற வினா போதியளவு ஆராயப்படவில்லை என்றே கருதுகின்றோம்.

வளிமண்டல அமுக்கம் என்னும் அலகை நோக்குவோம். வகுப்பறையில் அது 76 சென்ரிமீற்றர் இரச நிரலோடு தொடங்குகின்றது. ஆனால் வரலாற்றில் அது நீரிறைப்போரிடமிருந்தே தொடங்கியது. உறிஞ்சற் பம்பி ஏறத்தாழ 18 முழத்துக்கு மேல் நீரை ஏற்றாது என்பதைத் தொழிலாளி ஒருவர் வாயிலாக அறிந்ததாகக் கலிலியோ 1638இல் வெளிவந்த தமது நூலிற் குறிப்பிட்டார். அதற்கு அவர் தந்த விளக்கமோ பிழையானது. 1640களில் தொரிசெல்லி இரசத்தைக் கையாண்டமை, அந்நீண்ட நீர் நிரலைக் கையடக்கமாகக் குறுக்கும் உபாயமேயாகும். இரசம் நீரினும் 13.6 மடங்கு அடர்த்தியுடையது. எனவே 76 சென்ரிமீற்றர் இரசம் 10.3 மீற்றர் நீருக்குச் சமம். பாடநூல் உபாயத்தை வைத்துக்கொண்டு பிரச்சினையைக் கைவிட்டுவிட்டது.

அப்பிரச்சினையோ எமது தோட்டக் கிணறுகளில் இன்றும் உள்ளது. கோடையில் நீர்மட்டம் தாழும்போது கமக்காரர் நீரிறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றினுள்ளே இறக்கி வைப்பர். ஏழெட்டு மீற்றருக்கு மேல் அது நீரை உறிஞ்சாது என்பதை அவர் அனுபவத்தால் அறிவார். கணிப்பு 10.3 என்கின்றது, கிணறு எட்டைத் தாண்ட மறுக்கின்றது. இந்த இடைவெளியிலேதான், குழாயின் உராய்வு, மூட்டுகளிற் கசியும் வளி, நீரின் ஆவியமுக்கம் ஆகிய யாவும் அடங்கியுள்ளன. கமக்காரரின் பிள்ளை இதனை வீட்டில் நாள்தோறும் காண்கின்றது. வகுப்பில் இது பௌதிகவியல் என எவரும் அதற்குச் சொல்வதில்லை.

செயல்வழிக் கல்வியின் ஆதரவாளர்களும் குறைகூறலுக்கு அப்பாற்பட்டவரல்லர். நீர் நிறைந்த குவளையை அட்டையால் மூடிக் கவிழ்த்துக் காட்டும் பரிசோதனை எங்கும் நடைபெறுகின்றது. பிள்ளைகள் வியக்கின்றனர், வியப்பு முடிவதோடு பாடமும் முடிகின்றது. எதுவும் அளக்கப்படுவதில்லை. மாறாக, தெளிந்த பிளாஸ்திக்குக் குழாயொன்றை மாடிப்படியிலிருந்து நீர்வாளிக்குள் விட்டு, வாயால் எவ்வளவு உயரத்துக்கு நீரை உறிஞ்சலாம் என ஒவ்வொருவரும் அளந்தால், ஆளுக்கொரு வாசிப்புக் கிடைக்கும்; எவருடையதும் பத்து மீற்றரை அணுகாது. ஏன் என்ற வினா அப்போது ஆசிரியர் தூண்டாமலே எழும். செலவும் அதிகமன்று.

ஆயினும் தடை ஆசிரியரிடம் மட்டுமில்லை. க.பொ.த. உயர்தரப் பௌதிகவியலில் இன்று தனியான செய்முறைத் தேர்வு இல்லை. ஐம்பது பல்தேர்வு வினாக்களும் எழுத்து வினாத்தாளும் யாவற்றையும் தீர்மானிக்கின்றன. வேணியர் இடுக்கிமானியைத் தொட்டறியாத மாணவரும் அதன் பூச்சிய வழுவைப் பற்றிப் பிழையின்றி எழுதவல்லவர். ஆய்வுகூடமற்ற கிராமப் பாடசாலைக்கு இது சலுகைபோலத் தோன்றலாம். உண்மையில், கடந்தகால வினாத்தாள்களைப் பயிற்றும் தனியார் வகுப்புக்குப் பணம் செலுத்தக் கூடியவருக்கே இது சலுகையாகும்.

இவ்விடத்து மத்தியப் பிரதேசத்து ஓசங்காபாத் விஞ்ஞானக் கல்வித் திட்டம் நினைவிற்கு வருகின்றது. 1972இல் பதினாறு கிராமப்புறப் பாடசாலைகளில் தொடங்கிய அத்திட்டம் மலிவான உபகரணங்களோடு நின்றுவிடாது, தேர்வையும் மாற்றியது. மாணவர் புத்தகத்தையும் குறிப்பேட்டையும் திறந்து வைத்தே விடையெழுதினர். செய்முறையும் தேர்வில் இடம்பெற்றது. மேல்வகுப்புகளின் பொதுத்தேர்வோ பழைய முறையிலேயே நின்றது. பிள்ளைகள் அங்கே பின்தங்குவர் என்பது எதிர்ப்பாளரின் வாதங்களுள் ஒன்றாகியது. 2002இல் அரசு திட்டத்தை நிறுத்தியது.

உயர்தர இரண்டாம் வினாத்தாளின் அமைப்புக் கட்டுரை வினாக்கள் நான்கு. அவற்றுள் ஒன்றுக்கேனும் மாணவர் தாமே அளந்த வாசிப்புகள் கொண்ட குறிப்பேட்டைப் பார்த்து விடையளிக்க இடமளித்தல் இயலாத காரியமன்று. பிறர் வாசிப்புகளை நகலெடுத்து வருவர் என்பது இதற்குக் கூறப்படக்கூடிய தடை. இன்று மனனஞ் செய்து எழுதப்படுவனவும் பிறர் எடுத்த வாசிப்புகளே.