பிழையின்றித் தோற்கும் ஆட்டம்

காசு போட்டு ஆடும் பொறியிடம் தோற்றவர் தம் கைத்திறனையே நொந்துகொள்வர். ஆடுபவர் பிழையின்றியே தோற்கும் இடமும் உண்டு. 1980இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் வெளியிட்ட பேக்மேன் ஆட்டத்தைக் காண்க. அதில் கட்டங்களை எண்ணும் நினைவிடம் 0 முதல் 255 வரையே கொள்ளும். 256ஆம் கட்டத்தில் எண் சுழியாகிக் கணக்குப் பிறழ்கிறது. திரையின் வலப்பாதி சிதைகிறது. உண்ண வேண்டிய புள்ளிகள் போதாமையால் அக்கட்டத்தை முடிக்கவே இயலாது.

நம் பல்லாங்குழியிலும் மலாய்க்காரரின் சோங்காக்கிலும் காய்கள் தீர, வென்றவர் யாரென்பது தெளியும். இங்கோ, முடிவை அமைக்காத குறை, இறுதிவரை வந்த வல்லவரையே வஞ்சிக்கிறது.

கடைசி வினா சிதைந்த தேர்வுத்தாளும் இத்தகையதே. கடைமாணாக்கன் அதனை அறியான். முதல் மாணாக்கனே இடருறுவான். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் வினாத்தாள் வரையும் ஆசிரியர் இதனை நினைவிற் கொள்வாராக.