ரயில் படம் போட்டா ரயில்வே கடிகாரமா?

போன வருஷம் அனுப்பம்பட்டு பெரியப்பா வீட்டு பீரோவில் இருந்த பாக்கெட் கடிகாரத்தைப் பற்றி இங்கே எழுதியிருந்தேன். எங்க தாத்தா அந்த ஊர் ஸ்டேஷனில் போர்ட்டராக இருந்தவர், மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே கொடுத்த கடிகாரம் அது என்று கொஞ்சம் பெருமையாகவே எழுதினேன். அது தப்பு. சும்மா விட்டிருக்கலாம்தான். ஆனால் பெரியப்பா பையன் இப்போ அதை விற்கப் போகிறான். வாங்க வந்தவர் என் கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் விலை சொல்லியிருக்கிறார். அதனால் என் வேலையை நானே விமர்சிக்க வேண்டியிருக்கு.

நான் அப்போ காட்டிய ஆதாரம் மூணு. பின்மூடியில் ரயில் எஞ்சின் படம். டயலில் 'ரயில்வே ரெகுலேட்டர்' என்ற எழுத்து. மூணாவது, பார்த்தாலே தெரியும் பழமை. மூணுமே ஆதாரம் இல்லை.

பழமையை முதலில் எடுத்துக்கறேன், நம்ம ஆட்கள் அதிகம் ஏமாறுவது அங்கேதான். அந்தக் காலத்திலேயே செய்த போலிக்கும் நூறு வயசு ஆகியிருக்கும். அசலும் நகலும் ஒண்ணாத்தான் கருத்துப்போகும். அதிலும் பழவேற்காடு ஏரிப் பக்கம் அடிக்கிற உப்புக்காத்தில் இரும்பு எதுவும் சீக்கிரம் கிழடாகிவிடும். துரு சாட்சி சொல்லாது.

ரயில் எஞ்சின் படம் வெறும் அலங்காரம். மலிவான சுவிஸ் கடிகாரங்களின் பின்மூடியில் அதை சர்வசாதாரணமாகப் போட்டார்கள். ரயில்வேக்காரன் வைத்திருப்பது சரியான நேரம் காட்டும் என்ற நம்பிக்கையை அப்படியே விற்றார்கள். ஒரு ரயில்வே கம்பெனி தன் ஊழியருக்குக் கொடுத்த கடிகாரத்தில் பொதுவாக கம்பெனியின் எழுத்துகளும் ஒரு எண்ணும் பொறித்திருக்கும். நம்ம கடிகாரத்தில் ரெண்டும் கிடையாது. போர்ட்டருக்கு எதற்குக் கடிகாரம் கொடுப்பார்கள் என்ற கேள்வியாவது எனக்கு வந்திருக்கணும். வரலை.

போன மாசம் தான் உள்ளே திறந்து பார்த்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை. நடுவில் இருக்க வேண்டிய சென்டர் வீல் இல்லை. ஸ்பிரிங் இருக்கும் பேரல் பெரிசா, பாதி இடத்தை அடைத்துக்கொண்டு நிற்குது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் பாலெட்டில் சிவப்புக் கல்லுக்கு பதில் ரெண்டு எஃகு ஊசி நட்டமாக நிற்குது. டயலின் கீழே மங்கலாக 'சிஸ்டம் ரோஸ்கோப்'. இவ்வளவும் சேர்ந்தால் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

ஜார்ஜ் பிரெடெரிக் ரோஸ்கோப் சுவிட்சர்லாந்தின் லா ஷோ-த-ஃபோனில் இருந்த கடிகாரக்காரர். கூலித் தொழிலாளியும் வாங்கக்கூடிய, 20 பிராங்க் விலையில் ஒரு நல்ல கடிகாரம் செய்யணும் என்பது அவர் ஆசை. 1867-ல் செய்து காட்டினார். உதிரி பாகங்களைக் குறைத்தார், சென்டர் வீலை எடுத்தார், ஊசி பாலெட் வைத்தார். ஆரம்பத்தில் வந்தவற்றில் முள்ளை விரலால்தான் நகர்த்தணும். பிரான்சிலும் பெல்ஜியத்திலும் பேடன்ட் வாங்கினார். ஆனால் சொந்த ஊரில் முடியலை. சுவிட்சர்லாந்தில் பேடன்ட் சட்டமே 1888-ல்தான் வந்தது. அப்புறம் என்ன, ஆளாளுக்குக் காப்பி அடித்தார்கள். 'சிஸ்டம் ரோஸ்கோப்' என்று போட்டவர்கள் ஓரளவு நேர்மையானவர்கள், அவர் முறையில் செய்தது என்றுதானே அதற்கு அர்த்தம். இன்னொரு 'ஸ்' சேர்த்து 'ரோஸ்ஸ்கோப் பேடன்ட்' என்று போட்டவர்கள் வேற ரகம்.

வாட்ஸ்அப்பில் சுத்துகிற 'அசல் கண்டுபிடிக்கும் வழிகள்' எதுவும் இதைப் பிடிக்காது. காந்தம் ஒட்டலைன்னா வெள்ளி என்கிறார்கள். ஜெர்மன் சில்வரிலும் காந்தம் ஒட்டாது, அதில் வெள்ளி ஒரு துளியும் கிடையாது. நம்ம கடிகாரத்தின் உள்மூடியில் 'ஆர்ஜென்டான்' என்று குத்தியிருக்கு. நான் அதை வெள்ளி என்று படித்தேன், அது ஜெர்மன் சில்வரின் இன்னொரு பெயர். 1880-ஆம் வருஷ சட்டத்துக்கு அப்புறம் வந்த சுவிஸ் வெள்ளியில் கரடியோ ஒரு காட்டுக்கோழியோ முத்திரையாக இருக்கணும். உள்மூடியில் '15 ரூபி' என்று போட்டிருந்தால் திறந்து எண்ணிப் பாருங்கள். மூடி சொல்வதும் உள்ளே இருப்பதும் ஒத்துப்போகணும். எங்க தொழிலில் ஆவணத்தை நம்பாதே, கோடைப் படி என்போம், அதே கதைதான்.

எதிர்ப் பக்கமும் ஒரு தப்பு நடக்குது. டயலில் மவுன்ட் ரோடு பி.ஆர் அண்ட் சன்ஸ் பெயர் இருக்கு, ஆனால் உள்ளே சுவிஸ் மெஷின், அதனால் போலி என்று ஒருத்தர் தள்ளிவிட்டதைப் பார்த்தேன். அது விற்ற கடையின் பெயர். வெளியே வாங்கித் தன் பெயரைப் போட்டு விற்பது அந்தக் காலத்துக் கடைகளின் சாதாரண வழக்கம். 18-ஆம் நூற்றாண்டில் 'லண்டன்' என்று பொய்ப்பெயர் போட்டு ஐரோப்பாவில் செய்தார்களே, அதுதான் போலி. அதையும் பெயரை வைத்துப் பிடிக்க முடியாது. பேலன்ஸ் வீலுக்கு மேல் இருக்கும் பாலத்தைப் பார்க்கணும். இங்கிலாந்து வேலையில் அது ஒரு பக்கம் மட்டும் திருகியிருக்கும், அவர்களுடையதில் ரெண்டு பக்கமும் கால் இருக்கும்.

அப்போ தாத்தா கடிகாரம் போலியா? ரோஸ்கோப்பின் பட்டறையில் வந்தது இல்லை, ரயில்வே கொடுத்ததும் இல்லை. ஆனால் அது எழுத்தில் சொல்லாத எதையும் நான்தான் அதன் மேல் ஏற்றினேன். மூர் மார்க்கெட்டில் வாங்கியிருப்பார் என்பது என் ஊகம், மீன் கூடை ஏற்றின காசில்.

பெரியப்பாவிடம் சொன்னேன். "இன்னாப்பா, அப்ப வெள்ளைக்காரன் குடுக்கலியா?" என்றார். இல்லை பெரியப்பா, தாத்தாவே வாங்கியிருப்பார் என்றேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "அவருக்கு ஏதுடா அவ்ளோ துட்டு" என்றார்.

வாங்க வந்தவருக்கு உள்பக்கப் படங்களை அனுப்பிவிட்டேன். இன்னும் பதில் இல்லை. பழைய கட்டுரையின் மேலே இந்தத் திருத்தத்தைப் போட்டிருக்கேன்.