இல்லாததைச் சொல்லும் நயம்

கிளோஜர் மொழியின் கெட்-இன்னைப் புகழ்கிறவர்கள் பெரும்பாலும் அதன் சௌகரியத்தையே புகழ்கிறார்கள். சாவிகளை ஒரு வெக்டராகக் கோத்து நீட்டினால், எத்தனை அடுக்குக்குள் புதைந்த மதிப்பும் கைக்கு வந்துவிடுகிறது என்பதோடு அவர்களுடைய ரசனை பூர்த்தியாகிவிடும். என் மனம் லயிப்பதோ, 'கிடைக்காவிட்டால் இதைத் தா' என்று மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்து அழைக்கும்போது அது மேற்கொள்ளும் ஜாக்கிரதையில்.

இரண்டே உறுப்புகளோடு அழைத்தால் அது வெறும் ரெட்யூஸ். சாவி வரிசையின் மேல் கெட்டை ஓட்டுவதைத் தவிர வேறொன்றும் இல்லை. மூன்றாவது சேர்ந்ததும், ரிச் ஹிக்கி படைத்த இந்த மொழி தேடப் புறப்படுமுன் ஜாவாவின் வெறும் ஆப்ஜெக்ட் ஒன்றைப் புதிதாகப் படைத்து, ஒவ்வொரு படியிலும் சாவி இல்லையேல் அதையே திருப்பித் தருமாறு சொல்லி, வந்தது அதுவேதானா என்று மதிப்பால் அல்லாமல் அடையாளத்தால் சோதிக்கிறது. அக்கணம் பிறந்த அந்தப் பொருள் எவருடைய தரவிலும் இருக்க நியாயமில்லையாதலால், நில் என்னும் வெறுமை மதிப்பு மெய்யாகவே ஓரிடத்தில் வைக்கப்பட்டிருப்பதற்கும், அப்படி ஓர் இடமே இல்லாதிருப்பதற்கும் உள்ள சூக்ஷ்மமான பேதம் எள்ளளவும் குலையாமல் நிற்கிறது. பத்து வரிக்குள் அடங்கிய இந்தக் காரியத்தை எத்தனை முறை வாசித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

கெட்-இன்னின் அருமை எனக்குப் புலப்பட்டது குறளால். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் முதல் மின்பதிப்பே திருக்குறள்தான். அதை எடுத்து, வில்லாபுரத்து வீட்டு மாடியில் உட்கார்ந்து, பால், இயல், அதிகாரம் என்று அடுக்கி வைத்திருக்கிறேன். 133 அதிகாரமும் பத்துப் பத்தாக அமைந்திருப்பதால் குறள் எண்ணை வகுத்தே அதிகாரத்தை அடைந்துவிடலாம். இயல் அவ்விதம் அடங்குவதில்லை. பரிமேலழகர் பொருட்பாலை அரசியல், அங்கவியல், ஒழிபியல் என்று மூன்றாகக் கொள்ள, வேறு பகுப்பிலோ அமைச்சியல், படையியல், நட்பியல் என்று அது பலவாகப் பிரிகிறது. ஆகவே சாவிகள் செல்லும் வழியை நிரலுக்குள் பொறித்து வைக்காமல், கோக்கவும் வெட்டவும் வேறொருவரிடம் கொடுக்கவும் தக்க ஒரு மதிப்பாக வைத்துக்கொள்வதே உத்தமம். மதுரையில் திசையைத் தனியாகவும் மாதத்தைத் தனியாகவும் எடுத்துச் சேர்த்தால் கீழ மாசி வீதியும் தெற்கு ஆவணி மூல வீதியும் கிடைத்துவிடுவதைப் போல, உரையாசிரியர் யார் என்பது ஓடும்போது தெரிந்த பிறகு வழியைச் சேர்த்துக்கொள்ளலாம்.

புள்ளி வைத்த சரமாக வழியை எழுதுகிறவர்களோடு எனக்கு நெடுநாள் பிணக்கு உண்டு. பார்வைக்கு அது லக்ஷணமாகத்தான் இருக்கிறது. ஆனால் 1971-இல் மதுரைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரான மு.வ.வின் திருக்குறள் தெளிவுரையை 'மு.வ.' என்ற சாவியின் கீழ் வைத்துவிட்டு, 'உரை.மு.வ.' என்று லோடாஷ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்திடம் கேட்டுப் பாருங்கள். அது மு என்றும் வ என்றும் ஒரு வெற்றுச் சாவி என்றும் அவரைத் துண்டாடிவிட்டுத் தேடிக்கொண்டிருக்கும். முதலெழுத்தும் புள்ளியுமாகவே பெரியோரை அழைத்துப் பழகிய நாட்டுக்கு அந்தக் குறியீடு ஒவ்வாது. அதே லோடாஷ் வரிசையையும் ஏற்கும் என்பது வாஸ்தவம், யார் கொடுக்கிறார்கள்?

எங்கள் குடியிருப்பிலேயே பெர்ல் பக்தர் ஒருவர் இருக்கிறார். 1994-இல் ஐந்தாம் பெர்ல் வந்த நாள்முதல், இடைப்படிகள் கேட்காமலே முளைத்துவிடுவதை அவர் தாராள குணம் என்று கொண்டாடுகிறார். எழுதும்போது முளைத்தால் எனக்கும் ஆக்ஷேபம் இல்லை. அடியில் ஒன்று இருக்கிறதா என்று விசாரித்த மாத்திரத்திலேயே நடுப்படி உண்டாகிவிடுமானால், பிறகு இல்லாமை என்பதை யாரிடம் போய்க் கேட்பது?

ஒருமுறை 'பொருட்பால்' என்ற சாவியே இல்லை என்று கெட்-இன் சாதித்தது. திரையில் கண்ணெதிரே இருந்தது. ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, சாவிக்கு வேறு வேறு. கண் பொய் சொன்னது, கெட்-இன் மெய் சொன்னது. உள்ளே வரும் எழுத்தையெல்லாம் வாசலிலேயே குறிகளைச் சேர்த்து எழுதும் என்எஃப்சி வடிவுக்குக் கொண்டுவந்த பிறகு தகராறு தீர்ந்தது.

இக்காலத்து வாலிபர்களுக்கு இந்த விசாரமெல்லாம் இல்லை. 2020-ஆம் ஆண்டு ஜாவாஸ்கிரிப்ட் தரத்தில் வினாக்குறியும் புள்ளியும் சேர்ந்து வந்ததிலிருந்து, படிக்குப் படி அதைத் தூவிவிட்டு, கடைசியில் வரும் அன்டிஃபைன்ட் எந்தப் படியில் பிறந்தது, அது குறையா, வைத்த மதிப்பா என்று எண்ணிப் பாராமலே பக்கத்தைக் காட்டிவிடுகிறார்கள். பிழை எழவில்லை என்பதே அவர்களுக்குப் போதுமான திருப்தி.

கெட்-இன்னின் குடும்பத்தில் களங்கமே இல்லை என்று நான் வாதிப்பதில்லை. வெற்று வெக்டரைக் கொடுத்தால் கெட்-இன் முழு அமைப்பையும் திருப்பித் தருகிறது; அது நியாயம். அதே வெற்று வெக்டரை அதன் உடன்பிறப்பான, மதிப்பை எழுதும் அஸோஸ்-இன்னிடம் கொடுத்தால், நில் என்ற சாவியொன்றை உண்டாக்கி அதன் கீழ் மதிப்பை வைத்துவிடுகிறது. பெர்ல் பக்தர் இதை எடுத்துக் காட்டும்போதெல்லாம் நான் காபி வரவழைத்துவிடுவது வழக்கம்.