கொங்கேழ் தலங்கள்: பட்டியல் வரிசையும் நடைவரிசையும்

ஆய்வுச்சுருக்கம்

தேவாரப் பாடல் பெற்ற தலங்களுள் கொங்கு நாட்டுக்குரிய ஏழும் நிலைத்ததோர் வரிசையில் எண்ணப்பட்டு வருகின்றன. அவ்வரிசையைப் பின்பற்றாமல், பகுதி பகுதியாகவும் முன்பின்னாகவும் இவற்றை நடந்து தொழுவது தலப்பயணத்தின் பொருளைக் குலைக்குமா என்னும் வினாவை, பதிகம் பாடியோரின் பயணங்களோடும் சேக்கிழாரின் கதைப்போக்கோடும் வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தேவாரம், பெரியபுராணம், கொங்கு நாடு, தலப்பயணம், பண்முறை, தலமுறை

பட்டியலும் நிலமும்

பாடல் பெற்ற தலங்கள் 274 எனக் கொள்ளும் வழக்கில் கொங்கு நாட்டுக்கு ஏழு இடங்கள் உண்டு. திருப்புக்கொளியூர் அவிநாசி, திருமுருகன்பூண்டி, திருநணா (பவானி), கொடிமாடச்செங்குன்றூர் (திருச்செங்கோடு), வெஞ்சமாக்கூடல், பாண்டிக்கொடுமுடி, கருவூர் ஆனிலை என்பது பரவலாக வழங்கும் வரிசை. தலப்பயண வழிகாட்டி நூல்கள் பெரும்பாலும் இதனையே கொள்கின்றன. நூலில் அடுத்தடுத்து நிற்பதால் இது வழிவரிசை என்றே வாசகர் எண்ணிக்கொள்கிறார். ஒன்றிலிருந்து ஏழுவரை நடந்து முடிப்பது முறையான பயணம் என்றும், இடையில் தொடங்குவதும் பின்னோக்கி வருவதும் விடுமுறைக்கு ஏற்ற சமாளிப்பு என்றும் ஒரு மதிப்பீடு அதனுள் தானாகவே புகுந்துவிடுகிறது.

நிலப்படத்தை விரித்துப் பார்த்தால் இம்மதிப்பீடு நான்காம் தலத்தோடு நின்றுவிடும். திருச்செங்கோட்டிலிருந்து தெற்கே செல்பவர் காவிரியைக் கடந்து முதலில் கொடுமுடியை அடையலாம், அதன்பின் கருவூர், வெஞ்சமாக்கூடல் கருவூருக்கும் தெற்கே, அரவக்குறிச்சிப் பக்கம் உள்ளது. பட்டியலோ வெஞ்சமாக்கூடலை முதலில் வைத்து, அங்கிருந்து வடக்கே கொடுமுடிக்குத் திருப்பி, மறுபடி தெற்கே கருவூருக்கு இறக்குகிறது. நடப்பவர் எவரும் இப்படி நடக்கமாட்டார். வரிசையை அமைத்தவருக்குக் கால்நடை நோக்கமே இருந்ததில்லை என்பதற்கு இந்த ஒரு திருப்பமே போதிய சான்றாகும்.

எழுவரும் அல்லர், ஒருவரும் அல்லர்

பண்முறை, தலமுறை என இருவகையாகத் தேவாரம் பதிப்பிக்கப்பட்டு வருவதை அறிவோம். பண்முறையில் சுந்தரரின் கொங்குப் பதிகங்கள் வெஞ்சமாக்கூடல் (7.42), கொடுமுடி (7.48), முருகன்பூண்டி (7.49), அவிநாசி (7.92) என நிற்கின்றன. சம்பந்தருடையவை செங்குன்றூர் (1.107), கருவூர் (2.28), கொடுமுடி (2.69), நணா (2.72) என்பன. கொடுமுடிக்கு மட்டும் நாவுக்கரசர் பதிகமும் (5.81) உண்டு. ஆக, ஏழு தலங்களையும் பாடியவர் என ஒருவரும் இலர். சுந்தரர் நான்கு, சம்பந்தர் நான்கு. இருவரும் சந்திக்கும் இடம் கொடுமுடி ஒன்றே. ‘கொங்கேழ்’ என்னும் தொகை பாடினோர் கண்டதன்று, பாடல்களைப் பின்னாளில் இடவாரியாக அடுக்கியோர் கண்டது.

இந்தப் பிரிவு தற்செயலானதும் அன்று. சம்பந்தரின் நான்கும் காவிரி, அமராவதி ஆகிய ஆறுகளை ஒட்டிய நிலத்தில் உள்ளவை. சோழ நாட்டிலிருந்து ஆற்றை எதிர்த்து மேலேறி வருபவர் காணும் ஊர்கள். அவிநாசியும் முருகன்பூண்டியும் வேறொரு பாதைக்குரியவை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மலைநாடு செல்லும் கிழக்கு மேற்குப் போக்கில் அவை உள்ளன. சேரமான் பெருமாளின் நட்பு சுந்தரரை அந்த வழியில் இழுத்தது. சம்பந்தருக்கு அங்குச் செல்லும் தேவை நேரவில்லை. ஒரே தொகுப்பாக நாம் கருதும் ஏழும் உண்மையில் இரண்டு பாதைகளின் துண்டுகள்.

ஐந்து கிலோமீட்டரும் சில ஆண்டுகளும்

சேக்கிழாரின் கூற்றைச் சற்று நின்று வாசிக்க வேண்டும். சுந்தரர் முதலில் கொங்கினுள் வரும்போது கொடுமுடியை வணங்குகிறார். மேற்கே பேரூர் சென்று கூத்தப்பெருமானைக் காண்கிறார். பிறகு வெஞ்சமாக்கூடல் வந்து கிழக்கே திரும்புகிறார். கொடுமுடியிலிருந்து பேரூருக்கு நேர்வழியில் சென்றால் இன்றைய திருப்பூர் மாவட்டத்தைக் கடக்க வேண்டும். எனினும் அப்பயணத்தில் அவிநாசியும் பூண்டியும் பேசப்படவில்லை. பின்பு சேரமானிடம் சென்று, அவர் அளித்த பொருட்குவையோடு திரும்பும் வழியில் முருகன்பூண்டி வருகிறது. இறைவன் ஏவலால் பூதகணங்கள் வேடராகி அப்பொருளைப் பறிக்க, வழிப்பறி நிகழும் இவ்வூரில் நீர் எதற்காக இருக்கிறீர் என்று கேட்கும் பதிகம் பிறக்கிறது. அவிநாசியோ அதன்பின் நிகழும் பயணத்தில், மறுபடி மலைநாடு செல்லும்போது வருவது. அப்பயணத்திலிருந்து சுந்தரர் ஆரூருக்குத் திரும்பவில்லை. அது அஞ்சைக்களத்தில் தொடங்கிய கயிலைப் பயணத்தில் முடிந்தது.

இவ்விரு ஊர்களுக்கும் இடையே சுமார் 5 கி.மீ. தொலைவே உள்ளது. காலையில் ஒன்றைத் தொழுதவர் வெயிலேறும் முன் மற்றொன்றை அடைந்துவிடலாம். பாடியவருக்கோ இவற்றுக்கு நடுவே ஒரு முழுப் பயணமும் ஆண்டுகளும் கிடந்தன. பூண்டிக்கு அவர் கிழக்கு நோக்கி வந்தார். அவிநாசிக்கு மேற்கு நோக்கி. பட்டியலின் முதல் தலம், சுந்தரர் வாழ்வில் இறுதிப் பயணத்தின் தலம். இதைவிடப் பெரிய வரிசைக் குலைவை எந்த ஞாயிற்றுக்கிழமை நடையாளரும் செய்துவிட முடியாது.

அவிநாசிக் கதையின் உயிர்நாடியே இந்தக் கால இடைவெளிதான் என்பது என் வாசிப்பு. உடன் நீராடிய இரு சிறுவருள் ஒருவனை முதலை விழுங்கிற்று. ஆண்டுகள் சில கழிந்து, எஞ்சியவன் வீட்டில் பூணூல் மங்கலம் ஒலிக்க, எதிர்வீட்டில் அழுகை எழுகிறது. அந்தத் தெருவில் சுந்தரர் வருகிறார். மகனை இழந்த பெற்றோர் துயரை மறைத்து முகமலர்ச்சியுடன் அவரை எதிர்கொள்வதாகச் சேக்கிழார் காட்டுவது நூலின் மிக நுண்ணிய இடங்களுள் ஒன்று. திரும்பக் கிடைக்கும் பிள்ளை, இடையில் கழிந்த ஆண்டுகளின் வளர்ச்சியோடு வருகிறான். இழந்த உயிரோடு இழந்த காலமும் மீட்கப்படுகிறது. பூண்டியையும் அவிநாசியையும் ஒரே காலைப்பொழுதில் சேர்த்துத் தொழுபவருக்கு அற்புதம் விளங்கும். அந்தக் காலம் உறைக்காது. இன்று பூண்டி சென்று, பல மாதங்கள் கழித்து வேறு திசையிலிருந்து அவிநாசிக்கு வருபவருக்கு அது உறைக்கக்கூடும்.

சம்பந்தர் பக்கமும் நேர்கோடு இல்லை. சேக்கிழார் அவரைச் செங்குன்றூருக்கு அழைத்து வந்து, மேற்கே நணாவுக்கு அனுப்பி, மீண்டும் செங்குன்றூருக்கே கொண்டுவருகிறார். அடியார்களைப் பற்றிய நளிர்சுரம் திருநீலகண்டப் பதிகத்தால் (1.116) நீங்கியது அங்குத் தங்கிய நாளில்தான். பதிப்புகளில் அப்பதிகம் ‘பொது’ என நிற்கிறது. போய்த் திரும்பிய நடையை நீக்கிவிட்டால் அப்பதிகத்துக்கு ஊர் இல்லை.

நல்லூரிலிருந்து

இவ்வாய்வு வெறும் ஏட்டுச் சிக்கல் அன்று. திருப்பூர் மாநகராட்சியோடு 2011இல் இணைந்த நல்லூர், காங்கயம் சாலையில் உள்ளது. அங்கிருந்து வடமேற்கே நகரைக் கடந்தால் பூண்டியும் அவிநாசியும். கிழக்கே காங்கயம் வழியாகச் சென்றால் கொடுமுடி, கருவூர், வெஞ்சமாக்கூடல் பக்கம். முன்னர்ச் சொன்ன இரண்டு பாதைகளுக்கும் நடுவில் அவ்வூர் அமைந்திருக்கிறது. பின்னலாடைத் தொழிலில் நடப்பதற்குக் கிடைக்கும் அலகு ஞாயிற்றுக்கிழமை. ஏற்றுமதிச் சரக்கு அனுப்பும் நாள் நெருங்கினால் அதுவும் கிடைக்காது. தையல் பொறியிலும் கட்டிங் மேசையிலும் வாரம் முழுதும் நிற்பவர் ஏழு தலங்களையும் நடந்து காண விரும்பினால், ஒரு வாரம் பூண்டி, இன்னொரு வாரம் காங்கயம்வரை, பேருந்தில் திரும்பி, அடுத்த முறை விட்ட இடத்திலிருந்து என்றுதான் அது கூடும். தைப்பூசத்துக்குப் பழனி நடப்பவர்கள் ஒரே வீச்சில் நடக்கிறார்கள்; அதற்கு விழா நாள் என்னும் எல்லை உண்டு. கொங்கேழுக்கு அத்தகைய நாளும் இல்லை, வலம் இடம் என்னும் விதியும் இல்லை.

விதி கடுமையாக உள்ள இடத்திலேயே துண்டுநடை ஏற்கப்பட்டிருக்கிறது. நர்மதையை வலம்வருவோர் ஆற்றை வலப்புறமே கொள்ள வேண்டும். குஜராத்தி எழுத்தாளர் அமிர்தலால் வேகட் அதனை 1977இல் தொடங்கிப் பல பகுதிகளாக நடந்தார். அவர் தொடங்கிய இடம் ஆறு பிறக்கும் அமர்கண்டகம் அன்று, தாம் வாழ்ந்த ஜபல்பூர். அந்நடையிலிருந்து எழுந்த நூலுக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. சமயச் சார்பற்ற உலகில், சுமார் 3,500 கி.மீ. நீளும் அமெரிக்க அப்பலாச்சியன் தடத்தைப் பேணும் அமைப்பு, அதை ஒரே ஆண்டில் நடந்தவரையும் பல ஆண்டுகளில் வரிசை மாற்றி நடந்தவரையும் முழுத்தடம் நடந்தவராகவே ஏற்கிறது.

எனினும் துண்டுநடையில் இழப்பே இல்லை என்று வாதிடுவது மிகை. வரிசை மாறுவது வேறு, தொடர்ச்சி அறுவது வேறு; இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புவதே வழிகாட்டி நூல்களின் குறை. முருகன்பூண்டிப் பதிகம் பொருள் சுமந்து நெடுந்தொலைவு வந்தவனின் குரல். களைப்பும், இருட்டும், இந்த ஊரைக் கடந்தால் போதும் என்னும் அச்சமும் அதன் சினத்துக்குள் உள்ளன. காலை பத்து மணிக்குத் தண்ணீர்ப் புட்டியோடு வந்து, பகலுக்குள் பேருந்தேறி வீடு திரும்புபவருக்கு அவை எட்டா. இந்த இழப்புக்குப் பட்டியல் வரிசைப்படி நடந்தாலும் மருந்தில்லை. வாகனத்தில் ஏழையும் ஒரே நாளில் முடிப்பவருக்கோ தொடர்ச்சி இருந்தும் நடை இல்லை.

தலவரிசையை நீக்கிவிட வேண்டும் என்பது இதன் கருத்தன்று. நூலில் தேடுவோர்க்கு அது பயன்படுகிறது. ஒவ்வொரு தலத்தின்கீழும் பாடியவர் எந்தப் பயணத்தில், எத்திசையிலிருந்து வந்தார் என்னும் ஒருவரிக் குறிப்பைச் சேர்த்தால் நடப்பவருக்கு உதவும். சேர்க்கத் தொடங்கினால் பேரூர் உடனே இடறும். சுந்தரரின் முதல் கொங்குப் பயணத்தில் கொடுமுடிக்கும் வெஞ்சமாக்கூடலுக்கும் நடுவே அது நிற்கிறது. தனிப்பதிகம் இல்லாமையால் வைப்புத்தலமாகி ஏழினுள் இடம்பெறவில்லை. அவர் அதைப் பாடியது அங்கிருந்தபோது அன்று, கிழக்கே திரும்பிச் சென்று தில்லையில் நின்றபோது, அப்பதிகத்தின் (7.90) இறுதிப் பாடலில், மேற்கொங்கின் பேரூரை நினைந்து பாடினார்.