பந்தயத் தாளில் இல்லாத கட்டம்

1999இல் புக்கிட் தீமாவிலிருந்து கிராஞ்சிக்கு இடம் மாறிய சிங்கப்பூர்க் குதிரைப் பந்தயம், 2024 அக்டோபர் 5ஆம் தேதியோடு நின்றுபோனது. அங்கே நடந்த பெரும்பாலான பந்தயங்களில் ஒரு விதி இருந்தது. தேர்ந்த குதிரை கூடுதல் எடையைச் சுமந்துதான் ஓட வேண்டும். எடை குறைந்தால் ஈயத் தகடுகளைச் செருகிச் சரிக்கட்டுவார்கள். எந்தக் குதிரை எத்தனை கிலோ சுமந்தது என்பது பந்தயத் தாளில் அதன் பெயருக்கு நேரே அச்சாகியிருக்கும். தாளைக் கையில் வைத்திருந்தவர் வேகத்தையும் சுமையையும் சேர்த்தே பார்த்தார்.

மனிதர்கள் ஓடும் ஓட்டத்தில் அப்படி ஒரு கட்டம் கிடையாது. பெயர், நேரம், பதக்கம், ஆண்டு. ஓட்டக்காரர்களின் வாழ்க்கையை ஒப்பிடும் எவரும் இந்த நான்கையே எடுத்துக்கொண்டு, இன்னாரைவிட இன்னார் பெரியவர் என்று தீர்ப்பெழுதிவிடுகிறார்கள். அமெரிக்காவில் இது அரை நூற்றாண்டாக நடக்கிறது. சிங்கப்பூரிலும் நெட்டோட்டத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும்.

ஒப்பிடுவதே தவறு என்று சொல்ல முடியாது. தொலைதூர ஓட்டத்தில் நிறுத்துக் கடிகாரம் யாருக்கும் சலுகை காட்டுவதில்லை. நடுவரின் ரசனைக்கும் அங்கே இடமில்லை. எம். ரமேஷன் 1995இல் சியாங் மாயில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் நெட்டோட்டத்தை 2 மணி 24 நிமிடம் 22 விநாடியில் முடித்தார். அந்தத் தேசியச் சாதனை 23 ஆண்டுகளுக்கும் மேல் நின்றது. சிங்கப்பூரில் நெட்டோட்டத்தைக் கருத்தாக எடுத்துக்கொண்ட ஒவ்வோர் இளைஞனுக்கும் அந்த எண்ணே இலக்கு. 2019 மார்ச்சில் சோல் நகரில் சோ ருய் யோங் 2:23:42இல் ஓடி முடித்தபோது, இடையில் இருந்த வித்தியாசம் வெறும் 40 விநாடி. அதற்கு முன்பு 2014இல், பி. சி. சுப்பையா 1973இல் 10,000 மீட்டரில் நிலைநாட்டிய 31:19.0 என்ற சாதனையையும் அவரே அமெரிக்காவின் போர்ட்லண்டில் முறியடித்திருந்தார். அவருடைய நேரம் 31:15.95. நாற்பத்தோர் ஆண்டுகளில் மிச்சமானது மூன்று விநாடி! சாதனை முறிந்த அந்த வாரங்களில்தான் சுப்பையாவின் பெயரையும் ரமேஷனின் பெயரையும் இளையவர்கள் பலர் முதன்முதலாகக் கேள்விப்பட்டார்கள். ஒப்பீடு செய்த நன்மைகளில் இது முக்கியமானது.

சிக்கல் அடுத்த அடியில் தொடங்குகிறது. ரமேஷனின் அந்த ஓட்டம் தங்கம் தரவில்லை. தென்கிழக்காசிய ஆண்கள் நெட்டோட்டத்தில் சிங்கப்பூருக்கு முதல் தங்கத்தை 2013இல் நேப்பிடோவில் வென்றவர் மருத்துவர் மோக் யிங் ரென், நேரம் 2:28:36. இரண்டு ஆண்டு கழித்துச் சொந்த மண்ணில் சோ ருய் யோங் தங்கம் வென்றபோது ஓடியது 2:34:56. தங்கம் கிட்டாத நேரத்தைவிடத் தங்கம் வென்ற நேரம் பத்து நிமிடத்துக்கும் மேல் மெதுவானது! நேரத்தைக் கொண்டு தரம் பிரித்தால் ஒரு வரிசை வருகிறது, பதக்கத்தைக் கொண்டு பிரித்தால் வேறொரு வரிசை.

அந்தப் பத்து நிமிடத்தைத் திறமைக் குறைவு என்று எழுதுவது பெரும் அநியாயம். சியாங் மாயில் டிசம்பர் குளிர்காலம். சிங்கப்பூரில் ஜூன் எப்படி இருக்கும் என்பதை அறிய, விடிவதற்கு முன் கிராஞ்சிப் பண்ணைச் சாலைகளில் ஒரு மணி நேரம் ஓடிப் பார்த்தால் போதும். நீர்த்தேக்கத்தின் பக்கமிருந்து வரும் காற்றிலேயே ஈரம். வியர்வை ஆவியாகாமல் காலோடு வழிந்து காலுறைக்குள் இறங்கும். சற்று நேரத்தில் காலணி ஒவ்வோர் அடிக்கும் சளக் சளக்கென்று ஒலிக்கும். வியர்வை உலர்ந்தால்தான் உடல் குளிரும். உலரவில்லையென்றால் இதயம் தோலுக்கும் தசைக்கும் ரத்தத்தைப் பங்கிட்டுத் திணறும், வேகம் தானாகக் குறையும். வெக்கை உலகின் தலைசிறந்தவர்களையும் விடுவதில்லை. 2007இல் ஒசாகா உலக வெற்றியாளர் போட்டியில் கென்யாவின் லூக் கிபெட் தங்கம் வென்ற நேரம் 2:15:59. அதே ஆண்டு பெர்லினின் இதமான குளிரில் ஹைலே கெப்ரெசெலாசி 2:04:26இல் உலகச் சாதனை படைத்திருந்தார்.

நேரம், பதக்கம் என்ற இந்த இரட்டைக் கணக்கின் குறையை அமெரிக்கர்கள் இருவரை வைத்து இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். ரயன் ஹால் 2011 பாஸ்டன் நெட்டோட்டத்தில் 2:04:58இல் ஓடினார். எந்த அமெரிக்கரும் அதுவரை அந்த வேகத்தைத் தொட்டதில்லை. ஆனால் பாஸ்டன் பாதை சரிந்து இறங்குவது. தொடக்கமும் முடிவும் வெவ்வேறு ஊர்கள். அன்று பின்காற்று வேறு. அதனால் அந்த நேரம் சாதனையாக ஏற்கப்படவில்லை, அவருக்குக் கிடைத்ததும் நான்காம் இடமே. எரித்திரியாவில் பிறந்து சிறுவயதில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த மெப் கெஃப்லெசிகியின் வாழ்நாள் சிறந்த நேரம் 2:08:37. ஹாலைவிட மூன்றரை நிமிடத்துக்கும் மேல் மெதுவு. ஆனால் அவரிடம் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் வெள்ளி இருக்கிறது, 2009 நியூயார்க் வெற்றி இருக்கிறது. பாஸ்டன் நெட்டோட்டத்தில் நடந்த குண்டுவெடிப்புக்கு அடுத்த ஆண்டு, 39 வயதை எட்டவிருந்த நிலையில், பாஸ்டன் வெற்றியும் வந்தது. அந்த வெற்றியில்தான் அவருடைய மிகச் சிறந்த நேரமும் பதிவானது. ஹாலோ 33 வயதில், உடல் ஓய்ந்து ஓய்வு பெற்றார்.

இவர்களில் மெப்பே பெரியவர் என்பது இக்கட்டுரையின் துணிபு. பத்தாண்டு இடைவெளியில், வெக்கையிலும் குளிரிலும், வேகமாக ஓடத் தெரிந்தவர்களை அவர் வியூகத்தால் வென்றிருக்கிறார். நேரப் பட்டியல் அதைக் காட்டாது. எனினும் பதக்கக் கணக்கை முழுதாக நம்பிவிடவும் கூடாது. புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த கோ. லட்சுமணன் 2017 ஆசிய வெற்றியாளர் போட்டியில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றவர். மறு ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டுகளில் 10,000 மீட்டரை மூன்றாவதாக ஓடி முடித்தார். ஓடுபாதையின் உள்விளிம்பைத் தாண்டி மிதித்ததாகத் தகுதி நீக்கம் செய்தார்கள். நடுவர்கள் விதிப்படிதான் நடந்தார்கள். ஆனாலும் பதக்கத்தை மட்டும் எண்ணுகிறவருக்கு அன்று அவர் ஓடிய 10,000 மீட்டரும் நடக்காத ஒன்று.

வேறோர் அளவுகோல் உண்டு. ஒருவர் தம் காலத்தின் உலகச் சாதனைக்கு எவ்வளவு அருகில் இருந்தார் என்று பார்ப்பது. 1973இல் சுப்பையாவுக்கும் உலகச் சாதனைக்கும் இடையே நான்கு நிமிடம்கூட இல்லை. 2014இல் கெனெனிசா பெக்கெலேயின் 26:17.53ஐ வைத்துப் பார்த்தால் சோ ருய் யோங் ஏறக்குறைய ஐந்து நிமிடம் பின்னால் இருக்கிறார். நெட்டோட்டத்திலும் இதே கதை: 1995இல் உலகச் சாதனை 2:06:50, ரமேஷனுக்கு இடைவெளி பதினேழரை நிமிடம். 2019இல் கிப்சோகேயின் 2:01:39. இடைவெளி 22 நிமிடம். இந்தக் கணக்கில் பழையவர்கள் இருவரும் முந்துகிறார்கள். சோ ருய் யோங்கை இது சிறுமைப்படுத்துவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கிழக்கு ஆப்பிரிக்க ஓட்டக்காரர்கள் பெருந்திரளாக வந்தார்கள். 2017இலிருந்து கார்பன் தகடு பதித்த காலணிகளும் சந்தைக்கு வந்தன. உலகச் சாதனை இவற்றாலும் நகர்ந்தது. ஆனால் கடிகாரத்தை மட்டும் பார்த்துப் பழையவர்களை ஒதுக்கும் பழக்கத்துக்கு இது நல்ல மாற்று மருந்து.

சுமை என்று பார்த்தால் சிங்கப்பூர் ஆண்களுக்குத் தேசிய சேவை உண்டு. பதினெட்டு, பத்தொன்பது வயதில் அமெரிக்க இளைஞன் உதவித்தொகையோடு பல்கலைக்கழக ஓட்டக் குழுவில் சேர்கிறான். அங்கே முழுநேரப் பயிற்றுவிப்பாளரும் ஈடுகொடுத்து ஓடும் சகாக்களும் வாரந்தோறும் போட்டியும் அவனுக்குக் கிடைக்கின்றன. சிங்கப்பூரர் அந்த வயதில் இரண்டு ஆண்டு சீருடையில் இருக்கிறார். அமெரிக்க ஓட்டக்காரர் ஸ்டீவ் பிரிஃபோன்டெய்னை உருவாக்கிய ஒரிகன் பல்கலைக்கழகத்தில்தான் சோ ருய் யோங்கும் படித்தார். சுப்பையாவின் சாதனை முறிந்ததும் அதே மாநிலத்தில். ரமேஷன் ஆசிரியப் பணியோடு ஓடியவர். அந்த 40 விநாடியை எடைபோடும்போது இதையும் தட்டில் வைக்க வேண்டும்.

1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டருக்கு வந்தவர்களில் சுப்பையாவும் ஒருவர், அமெரிக்காவின் ஃபிராங்க் ஷார்ட்டரும் ஒருவர். ஷார்ட்டர் அதில் ஐந்தாவதாக வந்து, சில நாளில் நெட்டோட்டத் தங்கமும் வென்றார். ஒரே திடலில் ஓடிய அவர்களை ஒப்பிடவாவது வழியிருக்கிறது. சிங்கப்பூர் வீராங்கனை கே. ஜெயமணிக்கு அதுவும் இல்லை. 1977இல் கோலாலம்பூர் தென்கிழக்காசியப் போட்டிகளில் 1,500, 3,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். 1983இல் சிங்கப்பூரில் தென்கிழக்காசியப் போட்டிகளின் முதல் பெண்கள் நெட்டோட்டத் தங்கமும் அவருடையதே. அதே ஆண்டு பாஸ்டனில் அமெரிக்காவின் ஜோன் பெனோய்ட் 2:22:43இல் ஓடினார். 2019இல் சோ ருய் யோங் படைத்த சிங்கப்பூர் ஆண்கள் சாதனைகூட அதைவிட மெதுவு. இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஜெயமணியைச் சிறியவராகக் காட்டுவது சுலபம். ஆனால் அவர் உச்சத்தில் இருந்த 1977இல் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு அனுமதிக்கப்பட்ட மிக நீண்ட ஓட்டமே 1,500 மீட்டர்தான். 3,000 மீட்டரும் நெட்டோட்டமும் 1984இல் வந்தன, 10,000 மீட்டர் 1988இல். தமக்கு மிகப் பொருத்தமான தூரங்கள் ஒலிம்பிக்கில் திறக்கப்படும் முன்பே அவர் தம் ஓட்டத்தின் பெரும்பகுதியை ஓடி முடித்திருந்தார்.