நாளிதழும் ஆட்டக்களத் தமிழும்

நாளிதழ் வரலாறு எழுதுவோர் தலையங்கத்தையே எடைபோடுவர். விளையாட்டுப் பக்கத்தை விட்டுவிடுவர். இது முறையன்று.

கோலாலம்பூரில் 1924-இல் தோன்றிய 'தமிழ் நேசன்' வடக்கே. சிங்கப்பூரில் 1935-இல் கோ. சாரங்கபாணியார் தொடங்கிய 'தமிழ் முரசு' தெற்கே, இடையே ஜொகூர். ஆங்குள்ள தமிழாசிரியர் நன்கறிந்த சொல் ஒன்றைக் காண்போம். மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர் 'பூப்பந்து' என்பதைத் தமிழ்நாட்டார் 'இறகுப்பந்து' என்பர். தமிழ்நாட்டிலோ பூப்பந்து என்பது கம்பளிப் பந்தால் ஆடும் வேறோர் ஆட்டம். ஆகவே மலேசிய வழக்குப் பிழை என்பாரும் உளராகலாம். அக்கூற்றுப் பொருந்தாது. 1949-இல் தாமஸ் கிண்ணத்தை முதன்முதல் வென்ற நாடு மலாயா. ஆட்டம் வேரூன்றிய மண்ணில் மக்கள் நாவில் நிலைத்த சொல்லே வழக்காம்.

எனினும் குறையை மறைத்தலும் ஆகாது. 'வெற்றி அவரால் பெறப்பட்டது' என்பது போன்ற நடை தமிழ் மரபன்று. 'அவர் வென்றார்' என்பதே தமிழ். 1966-இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் மணி ஜெகதீசன் மூன்று தங்கம் வென்றதைச் சொல்ல இவ்வெளிய வினையே போதும்.

'தமிழ் நேசன்' 2019-இல் நின்றது. அதன் தலையங்கங்களோடு ஆட்டச் செய்திகளையும் தொகுத்துச் சொல்லடைவு செய்தல் வேண்டும். இன்றேல், தலையங்கம் படியாதாரையும் தமிழ் படிக்கவைத்த பக்கத்தின் சொற்கள் பழைய தாளோடு மறையும்.