செய்தியாகிவிட்ட விளம்பரம்

விளம்பரம் விளம்பரமாகவே வரும்போது வாசகன் விழிப்படைகின்றான். செய்தியின் உருவில் வரும்போது அவ்விழிப்புத் தளர்கின்றது. விண்வெளிச் செய்திகள் இந்நோக்கில் ஆராயப்பட வேண்டியவை.

2000 யூலையில், சர்வதேச விண்வெளி நிலையத்தின் ‘ஸ்வெஸ்தா’ பகுதியைச் சுமந்துசென்ற ரஷ்ய ரொக்கற்றின் உடலிலே பீற்சா ஹட் நிறுவனத்தின் இலச்சினை பொறிக்கப்பட்டிருந்தது. அது பணம் கொடுத்துப் பெற்ற இடம். அதனைக் குறிப்பிடாது விடினும் செய்தி குறைவுபடாது.

2018 பெப்ரவரி 6ஆம் திகதி நிகழ்ந்ததோ வேறு. ஸ்பேஸ் எக்ஸ் கம்பனி தனது பல்கன் ஹெவி ரொக்கற்றை முதன்முறையாகப் பரீட்சித்தபோது, இத்தகைய சோதனைகளில் வழமையாக ஏற்றப்படும் கொங்கிறீற் அல்லது உருக்குக் கட்டிகளுக்குப் பதிலாக ரெஸ்லா கார் ஒன்றை ஏற்றியது. இரு கம்பனிகளுக்கும் தலைவர் ஈலோன் மஸ்க் ஒருவரே. இவ்வுண்மையைப் பத்திரிகைகள் மறைத்தன என்பது நியாயமன்று. பல வெளிப்படையாகவே எழுதின. ஆயினும், ஏற்றப்பட்ட பொருளே கார் என்பதால், அதனைக் கூறாமல் செய்தியை நிறைவுசெய்ய இயலாது. இங்கு விளம்பரம் செய்தியினுள் நுழையவில்லை, தானே நிகழ்ச்சியாகிவிட்டது.

ஆகவே உடைமையாளர் பெயரைச் சுட்டுவதோடு பத்திரிகையாளனின் கடமை முடிவதில்லை. அன்றே அந்த ரொக்கற்றின் இரு பக்க உந்திகளும் பூமிக்கு மீண்டு, ஏறத்தாழ ஒரே வேளையில் தரையிறங்கின. தொழில்நுட்பச் சாதனை அதுவே. முதற்பக்கத்திற்கு அப்படமா, காரின் படமா என்ற தெரிவு ஆசிரியபீடத்தின் கையிலேயே இருந்தது. மறைமுக விளம்பரம் வாழ்வது அத்தெரிவிலேயாகும்.